கோயம்புத்தூர் பஸ்ஸில் போன முட்டைகள்

என் கண்ணே, இது உன் அப்பாவே எழுதுவது. யாரிடமும் சொல்லி எழுதி வாங்கியது இல்லை. ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு காலைப் பொழுது போகிறது. ‘ழ’ போடும்போது இன்னும் பேனா வழி தவறிவிடுகிறது, நின்று யோசித்துத் திரும்பி வருகிறேன். ஆனாலும் இந்த வயதில் இவ்வளவு சந்தோஷம் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வாயில் இருக்கிற சொல்லைக் காகிதத்தில் வைத்துவிட்டு, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால், அது வைத்த இடத்திலேயே இருக்கிறது. தென்காசி பஸ் ஸ்டாண்டில் இத்தனை காலம் நிறத்தைப் பார்த்தும் டிரைவர் முகத்தைப் பார்த்தும் ஏறிக்கொண்டிருந்தவன், இப்போது ஒவ்வொரு பஸ்ஸின் நெற்றியையும் நின்று வாசிக்கிறேன். சுரண்டை. வாசுதேவநல்லூர். செங்கோட்டை. ஏற வேண்டிய பஸ்ஸை வாசித்துக்கொண்டு நின்று அதை விட்டுவிட்ட நாளும் உண்டு. உன் அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

ஆனால் இந்தக் கையால் உனக்கு எழுதுகிற முதல் கடிதம் நல்ல சேதி கொண்டுவரவில்லை. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மா அனுப்புகிற முட்டையை இனிச் சாப்பிடாதே. வளைகாப்பு முடிந்ததும் பிரசவத்துக்கு இங்கே வரவும் வேண்டாம். தாய்வீட்டுக்கு வராதே என்று தலைப்பிரசவக்காரிக்கு எந்த அப்பனும் எழுத மாட்டான். நான் எழுதுகிறேன். ஏன் என்று முழுதும் படித்துவிட்டுக் கோபப்படு.

போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். வீட்டில் இருக்கிற ஒரு போனும் உன் அம்மாவின் இடுப்பில்தான் இருக்கிறது. அவள் அதைக் காதில் வைத்துப் பேசுகிறவளும் இல்லை. ஸ்பீக்கரில் போட்டுக் கையில் தாம்பாளம் போல ஏந்திக்கொண்டு, நீ அங்கே பேசுவதைத் தெருவுக்கே கேட்க வைப்பாள். இந்த விஷயம் அவளுக்கு இன்னும் தெரியாது; தெருவில் தெரிந்தவர்களும் உன் நிலைமையை நினைத்து அவள் காதில் போடத் துணியவில்லை. எப்படிச் சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. முதியோர் வகுப்பில் எங்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிற டீச்சரின் போனில் இருந்து மாப்பிள்ளையிடம் மட்டும் ஒரு வார்த்தை சொன்னேன், கடிதம் வருகிற வரை முட்டை கொடுக்க வேண்டாம் என்று. “என்ன மாமா, யாரு எழுதுத கடிதம்?” என்று கேட்டார். நான்தான் என்றேன். “நீங்களா மாமா? உங்க கையாலயா?” என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் முட்டையைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டார். உன்னிடம் என்ன சொல்லி நிறுத்தினாரோ, நானறியேன்.

போன வருஷம் உன் வயிற்றில் வந்தது தங்காமல் போன நாளில் தொடங்கியது இந்த முட்டை. ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்துவிட்டுப் பஸ்ஸில் ஊர் திரும்பினோம். விருதுநகர் தாண்டியதும் உன் அம்மா, “பிள்ள உடம்புல ஒண்ணுமே இல்ல, வெறும் எலும்பு. கடையில விக்கிற வெள்ள முட்டையத் தின்னா எங்கேருந்து ரத்தம் ஊறும்?” என்றாள். மறுநாளே கோழிகளைப் பெருக்க ஆரம்பித்தாள். அடை வைத்தாள், குஞ்சுகளைப் பருந்துக்கும் கீரிக்கும் கொடுக்காமல் காத்தாள். வாரம் ஒரு தடவை பால்பவுடர் டப்பாவில் உமி நிரப்பி, முட்டைகளை ஒன்றோடு ஒன்று தொடாமல் புதைத்து, கோயம்புத்தூர் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டு, பஸ் கிளம்புகிற வரை ஜன்னலுக்குக் கீழே நிற்பாள். “தம்பி, காலுக்குக் கீழ வச்சிராதீக, மடியில வச்சுக்கோங்க” என்பாள். “ஆச்சி, நான் டிக்கெட் கொடுக்கவா, முட்டைய அடகாக்கவா?” என்று அவன் கேட்பான். நீ மறுபடி உண்டானதும் அவளுக்கு அந்த முட்டைமேல் தெய்வத்தின் மேல் உள்ள நம்பிக்கை வந்துவிட்டது. உன் பிரசவத்துக்கு என்றே இரண்டு கருங்கோழிகளைத் தனியாக வளர்க்கிறாள். அவற்றை நான் பார்த்தாலே கண் வைக்கிறேன் என்று திட்டுகிறாள்.

உனக்கு அந்த ஆக்கர் கொட்டகை ஞாபகம் இருக்கும். நம் தெரு முடிந்து வாய்க்காலுக்குப் போகிற வழியில், தகர வேலி போட்டுப் பழைய இரும்பு உடைத்துக்கொண்டிருந்தார்களே, அதுதான். நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது வந்தது, உனக்குக் கல்யாணம் ஆவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் மூடினார்கள். மில்களில் இருந்தும் எஸ்டேட்களில் இருந்தும் கழித்துப் போட்ட டிரான்ஸ்பார்மர்கள் லாரியில் வந்து இறங்கும். உள்ளே இருக்கிற செம்புக்காக அதை உடைப்பார்கள். உடைக்கும் முன் அதன் வயிற்றில் இருக்கிற எண்ணெயைத் திறந்து மண்ணில் விடுவார்கள். வீணாகப் போகிறதே என்று தெருக்காரர்கள் கேனோடு போய் நின்றார்கள். நானும் நின்றேன். கேட்டால் சும்மா கொடுத்தார்கள்.

அது பார்க்க அழகான எண்ணெய். தேன் நிறம், வழுவழுப்பு, மூக்கைச் சுளிக்க வைக்கிற வாடை கிடையாது. குற்றாலத்தில் சீசனுக்குச் சீசன் வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்தே வாழ்ந்தவன் நான். எந்த எண்ணெயையும் விரலில் தொட்டு, கட்டைவிரலால் தேய்த்து, மோந்து பார்த்து, கலப்படமா இல்லையா என்று சொல்லிவிடுவேன். அதனால் தெருக்காரர்கள், “அண்ணாச்சி, இது எப்படி, வீட்டுக்கு ஆகுமா?” என்று என்னிடம்தான் கேட்டார்கள். நானும் விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்துவிட்டு, “குத்தம் ஒண்ணும் சொல்லதுக்கில்ல” என்றேன். உத்தரத்துக்குக் கரையான் வராமல் பூசினார்கள். கதவுக்குப் பூசினார்கள். முட்டிவலிக்குத் தடவிக்கொண்டவர்களும் உண்டு. நம் வீட்டில் கோழிக்கூட்டுக்குப் பூசினோம். செள்ளுப்பூச்சி ஏறாமல் இருக்க வருஷத்துக்கு ஒரு தடவை, சாரல் காலம் தொடங்குகிறதுக்கு முன்னால், கூட்டின் ஒவ்வொரு பலகையையும் நனைத்து எடுப்பேன். கொட்டகையை மூடின பிறகும் கேனில் மிச்சம் இருந்தது. அது தீர்ந்ததே சமீபத்தில்தான். செள்ளு ஒன்றுகூட ஏறவில்லை. அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

சில மாதங்களுக்கு முன்னால் அரசாங்கத்தில் இருந்து ஆட்கள் வந்து கொட்டகை இருந்த இடத்தில் மண் எடுத்தார்கள். நம் கிணற்றில் தண்ணீர் எடுத்தார்கள். வீடு வீடாக முட்டை வாங்கினார்கள். உன் அம்மா உனக்கு வைத்திருந்ததில் இரண்டை மனசில்லாமல் கொடுத்தாள். பிறகு ஒரு நாள் சாயங்காலம், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் எல்லாரையும் கூப்பிட்டார்கள். உன்னைவிடக் கொஞ்சம் மூத்த பெண் ஒருத்தி, அதிகாரி, ஜீப்பில் இருந்து இறங்கி வந்து பேசினாள். அந்த எண்ணெயில் ஒரு மருந்து கலந்திருந்ததாம். பி.சி.பி. என்று பெயர் சொன்னாள். சூட்டில் கருகாது, தண்ணீரில் கரையாது, மண்ணில் போட்டால் மக்காது. அதற்காகவே தேடிச் செய்த சரக்காம். இப்போது உலகத்தில் எங்கும் புதிதாகச் செய்வதில்லையாம். செய்து வைத்தது மட்டும் போக மாட்டேன் என்கிறது.

போலீஸில் இருந்து ரிட்டயர் ஆன நம் மாடசாமி அண்ணாச்சி எழுந்து, “எம்மா, கொட்டகைய இழுத்து மூடி எத்தன காலம் ஆச்சு! எத்தன மழை பெய்ஞ்சிருக்கு! இன்னமுமா அது அங்கன கெடக்கும்?” என்று கேட்டார். “கிடக்குது ஐயா. கோழி மண்ணைக் கிளறும்போது அதோட உடம்புக்குப் போகுது. கொழுப்புல போய் உட்கார்ந்துக்கும். கோழிக்குக் கொழுப்பு எங்க போகுது? முட்டைக்குத்தான். மஞ்சக்கருவுக்கு” என்றாள். கோமதி ஆச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. “நான் நித்தம் ஒரு முட்ட தின்னுதவ. செத்தா போயிட்டேன்? கம்பு மாதிரி நிக்கேம்லா!” என்றாள். “ஆச்சி, ஒன்னக் கூப்பிட எமனுக்கே பயம். அத இந்தக் கணக்குல சேக்காத” என்று யாரோ சொல்ல, கூட்டம் முழுக்கச் சிரித்தது. அந்த அதிகாரியும் சிரித்துவிட்டாள். பிறகு, “ஆச்சி, நீங்க நல்லா இருங்க. நான் பயப்படறது உங்களுக்காக இல்ல. வயித்துல இருக்கற பிள்ளைக்காக” என்றாள். அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

அவள் சொன்னதை எனக்கு விளங்கின வரைக்கும் உனக்கு எழுதுகிறேன். இது மூத்திரத்திலும் வியர்வையிலும் வெளியேறிவிடுகிற பொருள் இல்லை. நம் கொழுப்பில் தங்கி வருஷக் கணக்கில் இருக்கும். ஒருத்தி பிள்ளை உண்டானதும், பிள்ளையை வளர்க்க அவள் உடம்பு தன்னிடம் சேர்த்து வைத்ததைக் கரைத்து ரத்தத்தில் விடுகிறது. நல்லதோடு இதுவும் கரைந்து வருகிறது. தொப்புள்கொடி எது சாப்பாடு எது இது என்று பிரித்துப் பார்ப்பதில்லை. அப்படியே பிள்ளைக்குக் கொடுத்துவிடுகிறது. மிச்சம் பால் வழியாகப் போகிறது. தலைப்பிள்ளைக்குத்தான் அதிகம் என்றாள். பெற்றுப் பெற்றுத் தாயின் உடம்பில் இருப்பது குறையுமாம். தாயிடம் இறங்குவது பிள்ளையிடம் ஏறுகிறது. எல்லாப் பிள்ளைக்கும் கெடுதல் வரும் என்று இல்லை. சில பிள்ளைகள் எடை குறைந்து பிறக்கலாம், சிலதுக்குப் படிப்பு ஏறத் தாமதமாகலாம், எந்தப் பிள்ளைக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது என்றாள். நான் தேய்க்கிற எண்ணெயை அரப்புப் போட்டு உருவிவிட்டு அருவியில் நின்றால் போய்விடும். இந்த எண்ணெய்க்கு எந்த அருவியும் இல்லை.

உன் அம்மா அந்தக் கூட்டத்தில் இல்லை. அவள் அப்போது பஸ் ஸ்டாண்டில் இருந்தாள். நான் வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போதே அவளும் வந்து சேர்ந்தாள். “இந்தத் தடவ பெரிய பெரிய முட்ட. ரெண்டு கருவா இருக்கும்னு நெனைக்கேன். பிள்ளைக்குக் கொடுத்து வச்சிருக்கு” என்று சொல்லிக்கொண்டே கால் கழுவினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அங்கன என்ன கூட்டம்? என்ன சொன்னாக?” என்று கேட்டாள். தண்ணீர்த் தொட்டியைக் கழுவப் போகிறார்களாம் என்றேன். அவ்வளவு பெரிய பொய்யை நான் அவளிடம் சொன்னதில்லை. அதை அவள் நம்பியதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

அன்று கூட்டம் முடிந்து ஜீப் கிளம்புகிறதுக்கு முன்னால் நான் அந்த அதிகாரியைத் தனியே பிடித்து உன்னைப் பற்றிச் சொன்னேன். போன வருஷம் உனக்கு நடந்ததைச் சொல்லி, அதற்கும் இதுதான் காரணமா என்று கேட்டேன். “ஐயா, ஆமான்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. எந்த டாக்டராலயும் முடியாது. மகள்மேல எந்தத் தப்பும் இல்லைன்னு மட்டும் அவங்ககிட்டச் சொல்லிருங்க” என்றாள். அதைத்தான் உன்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஸ்கூட்டர் ஓட்டினதால், பப்பாளி தின்றதால், ஆபீஸில் வெகுநேரம் உட்கார்ந்ததால் என்று நீ உன்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தாயே, அதை விட்டுவிடு. காரணம் தெரியாமலே போய்விடுகிற துக்கம் சில உண்டு. அதற்கு ஒரு பெயர் வைத்தால் ஆறும் என்று நாம் தேடுகிறோம். ஆறாது. என் அனுபவத்தில் சொல்கிறேன், அது அப்படியே கூடவே வரும், பாரம் மட்டும் கொஞ்சம் பழகிப் போகும்.

நீ பிறந்ததை உனக்குச் சொல்லியிருக்கிறேனா? வாசுதேவநல்லூரில் உன் அம்மாவின் வீட்டில் பிறந்தாய். அது நல்ல சாரல் சமயம், குற்றாலத்தில் நிற்க இடமில்லாத கூட்டம். ஒரு ஆளைக் குப்புறப் படுக்க வைத்து முதுகில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் வந்த டிரைவர் ஒருவர், “அண்ணாச்சி, பொம்பளப் பிள்ள, ரெண்டு பேரும் சொகமா இருக்காக” என்று சொல்லிவிட்டுப் போனார். பாதி முதுகோடு அந்த ஆளை விட்டுவிட்டு ஓடினேன். பஸ் ஏறிப் போய் வாசலில் நின்றால், உன் அம்மாவின் அம்மா வழியை மறித்து நிற்கிறாள். “மாப்பிள்ள, பிள்ளையத் தொடுததுக்கு முந்தி கையக் கழுவிட்டு வாங்க. அந்த எண்ண பச்ச ஒடம்புக்கு ஆகாது” என்கிறாள். சாம்பலும் சீயக்காயும் கொடுத்தாள். கழுவினேன். கையை மோந்து பார்த்துவிட்டு மறுபடி அனுப்பினாள். மறுபடி கழுவினேன். தோல் உரிகிற அளவுக்குத் தேய்த்த பிறகுதான் உன்னை என் கையில் வைத்தாள். அன்று எனக்கு வந்த கோபம் பல வருஷம் இருந்தது. ஊரெல்லாம் தொடுகிற கை, என் பிள்ளைக்கு ஆகாதா என்று. இப்போது நினைத்தால் அந்த அம்மாளைக் கும்பிடத் தோன்றுகிறது. ஆனால் அவள் காலத்தில் பிள்ளைக்கு ஆகாதது வாசல் வழியாகத்தான் வந்தது. மறித்து நிற்க முடிந்தது. உனக்கு வந்திருப்பது நீ பத்து வயதில் தின்ற முட்டையில் வந்தது, நாங்கள் ஊட்டிவிட்ட சோற்றில் வந்தது. உனக்குள்ளேயே இருந்துகொண்டு, உன் பிள்ளை வரட்டும் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறது. எந்த வாசலில் போய் நான் நிற்க?

உள்ளே இருப்பதை எடுக்க வழியில்லை. மருந்து கிடையாது, பத்தியம் கிடையாது. யாராவது எண்ணெய், கஷாயம், பேதி மருந்து என்று சொன்னால் நம்பாதே, மாசமாக இருக்கிற இந்தக் காலத்தில் பட்டினி கிடந்து உடம்பைக் காயப்போடவும் செய்யாதே. இனி மேலே சேர்க்காமல் இருப்பது ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது. அதற்காகத்தான் முட்டை வேண்டாம் என்கிறேன், இந்த வீடு வேண்டாம் என்கிறேன். நம் கிணற்றுத் தண்ணீரை நம்பி உன்னைக் குளிப்பாட்ட முடியாது, நம் வீட்டு உத்தரத்துக்குக் கீழே பிள்ளைக்குத் தொட்டில் கட்ட முடியாது. தெருக் கோழிகளை எல்லாம் அரசாங்கத்து ஆட்கள் வந்து எடுத்துப் போகப் போகிறார்களாம். இந்தக் கடிதத்தை உன் டாக்டரிடம் காட்டு, என் எழுத்தைப் பார்த்து வெட்கப்படாமல் காட்டு. பிறகு பால். கொடுக்கலாமா என்று நான்தான் கேட்டேன், அத்தனை பேர் முன்னால் ஒரு கிழவன் கேட்கிற கேள்வியா என்று மாடசாமி அண்ணாச்சி என்னைப் பார்த்தார். “கட்டாயம் கொடுக்கணும் ஐயா. பால்ல இது கொஞ்சம் போகும்தான். ஆனா பால் கொடுக்கற நன்மை அதைவிடப் பெரிசு. பயந்து நிறுத்தினா பிள்ளைக்கு நஷ்டம் கூடுதல்” என்றாள் அந்தப் பெண். ஆகையால் கொடு. கொடுக்கும்போது இதை நினைத்துக்கொண்டு கொடுக்காதே. அது உன்னால் முடியுமா என்று தெரியவில்லை. என்னால் முடியாது.

இந்தக் கடிதத்தை வேறு யாரும் படிக்கக் கூடாது என்று இல்லை. நம் தெருவில் இருந்து திருப்பூருக்கும் சென்னைக்கும் வாழப்போன பெண்கள் நிறைய, அத்தனை பேருக்கும் இங்கே இருந்து முட்டை போகிறது. வகுப்பில் வாசிக்கட்டுமா என்று டீச்சர் கேட்டார். வாசிக்கச் சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்ன பிறகுதான், உன் அம்மா காதுக்கு இது வேறு யார் வாயில் இருந்தோ போய்ச் சேரும் என்று உறைத்தது. அதனால் இன்று காலையில் நானே அவளை உட்கார வைத்து, மேலே எழுதியதை எல்லாம் வாசித்துக் காட்டினேன்.

நான் வாசிக்கும் வேகம் உனக்குத் தெரியாது. எழுத்துக் கூட்டி, சொல் சேர்த்து, மூச்சு வாங்கி வாசிப்பேன். அதனால் அவளுக்கு விஷயம் சொட்டுச் சொட்டாகத்தான் போய்ச் சேர்ந்தது. முதலில், “என் கோழியப் பத்திக் கதை எழுதுதீகளோ?” என்று சிரித்தாள். கண்டக்டர் சொன்னதை வாசித்தபோது, “அத எதுக்கு எழுதுனீக? அந்தப் பையன் வெவரமில்லாமப் பேசுதது” என்றாள். பிறகு சிரிப்பு நின்றது. அதிகாரி மஞ்சக்கரு என்று சொன்ன இடம் வந்தபோது கையைக் காட்டி நிறுத்தினாள். “அந்தக் கூட்டத்துக்கு நான் போகலியே. நான் அப்ப எங்க இருந்தேன்?” என்றாள். “பஸ் ஸ்டாண்டுல” என்றேன். “முட்ட அனுப்பிக்கிட்டா?” “ஆமா.” நான் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வாசிக்கத் தெரிந்ததற்காக முதல் தடவையாக வருத்தப்பட்டேன். பிறகு அவள் குரல் ஏறியது. “அப்ப நான் எம்பிள்ளைக்கு விஷம் அனுப்புனேன்னு எழுதிருக்கீகளா?” என்றாள். அப்படி எழுதவில்லை என்றேன். “பின்ன என்ன எழுதிருக்கு? மறுபடி வாசிங்க. ஒரு எழுத்து விடாம வாசிங்க.” மறுபடி வாசித்தேன். “கூட்டுக்கு நீங்கதான பூசுனீக?” என்றாள். ஆமா என்றேன். நான் எதிர்பார்த்த சண்டை வரவில்லை. “நானும்தான் வாளியத் தூக்கிப் பிடிச்சேன்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

மத்தியானம் சுரண்டையில் இருந்து ஒரு கோழி வியாபாரி பைக்கில் வந்தான். கருங்கோழி இரண்டையும் பார்த்துவிட்டு அவனுக்கு நகர மனசில்லை. “ஆச்சி, இதுக்கு நீங்க சொல்லுததுதான் வெல. வாயத் தொறந்து கேளுங்க” என்றான். விற்கிறதுக்கு இல்லை என்றாள். “ஏன் ஆச்சி?” “சீக்குக் கோழி.” “யாருக்கிட்டக் காது குத்துதீக? கோழி கண்ணப் பாருங்க, பல்பு மாதிரி மின்னுது. இதுக்கா சீக்கு?” என்று சிரித்தான். “சீக்கு கோழிக்கு இல்லலே. போ அங்கிட்டு. யாரு வீட்டு மாசமான பிள்ளைக்கு வாங்கிட்டுப் போவானோ” என்று அவனை விரட்டிவிட்டாள். அவன் போன பிறகு, அந்த அரசாங்கத்து ஆட்கள் கோழிகளை எடுத்துப் போய் என்ன செய்வார்கள் என்று என்னிடம் கேட்டாள். கொன்று, வேறு யாரும் தோண்டாத இடத்தில் புதைப்பார்களாம் என்றேன். சரி என்றாள். சாயங்காலம் வழக்கம்போல முறத்தில் குருணையை எடுத்துக்கொண்டு போனாள். இன்னும் எதற்கு என்று கேட்டேன். “நாளைக்குச் சாகப் போறதுக்கும் இன்னைக்குப் பசிக்கும்லா” என்றாள்.

இப்போது அவள் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பேனா போகிற வழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். “முட்டையத் தின்னாதன்னு நீங்க சொன்னதா இருக்கா, நான் சொன்னதா இருக்கா?” என்று கேட்டாள். நான் சொன்னதாகத்தான் இருக்கிறது என்றேன். “நீங்க சொன்னா அவ நம்ப மாட்டா. அம்மா மனசு கோணும்னு ஒளிச்சு வச்சுத் தின்னுவா. எம்பிள்ளைய எனக்குத் தெரியும். நான் சொல்லுதேன், அப்படியே எழுதுங்க” என்றாள். மெதுவாகச் சொல், என் கை வேகமாகப் போகாது என்றேன். இனி இது உன் அம்மா சொல்வது.

ஏட்டி, அம்மா சொல்லுதேன், கேளு. அந்த முட்டைய இனித் தொடாத. டப்பாவுல மிச்சம் கெடந்தா பக்கத்து வீட்டுக்காரிக்கும் கொடுத்துராத, அவளுக்கும் பிள்ளைக இருக்கு. அழாத. நீ இங்கன வர வேண்டாம். நெறமாசம் ஆனதும் நான் அங்கன வந்து ஒன்னப் பாத்துக்கிடுதேன். எதையும் எதிர்பாக்காத தாயி. வெறுங்கையோடதான் வருவேன்.